கோடு போடாத போல்ட்

போன வாரம் வீலம்மா கதவை அடித்துச் சாத்திய இடத்தில் விட்டிருந்தேன். அந்தக் கதவு மறுநாள் காலையே திறந்துவிட்டது. பட்டறைக்குப் போயாக வேண்டுமே. திறக்காதது வாய்தான். ஒரு வாரமாகக் கணவனும் மனைவியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. இருவரும் சேர்ந்து நடத்துவது ஒரு கார் பட்டறை. நுழைந்ததும் இடது பக்கம் வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட். அது அவருடைய ராஜ்ஜியம். ஷாக், ஸ்பிரிங், ஆர்ம் என்று வண்டியின் இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் அவர் கை பட்டால்தான் சரியாகும். ஸ்பிரிங்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். வலது பக்கம் டயர் கழற்றும் மெஷினும், சக்கரங்களை நேர் பார்க்கும் அலைன்மென்ட் மேடையும். அங்கே அவர் மனைவி வைத்ததுதான் சட்டம். வீலம்மா என்று பெயர் வைத்தது யார் என்று அவருக்கே மறந்துவிட்டது. நடுவில் நிற்கும் காற்றடிக்கும் கம்ப்ரஸர் இரண்டு பேருக்கும் பொது. சண்டை வந்தால் அதுதான் எல்லைக்கல்.

இந்தச் சண்டைக்குக் காரணம் மகளின் வண்டி. ஒரே மகள். முப்பதை நெருங்கிவிட்டாள், கல்யாணமும் ஆகிவிட்டது, வீட்டில் மட்டும் இன்னும் பாப்பா. மலைமேல் அங்கங்கே நட்டிருக்கும் மழைமானிகளைப் பார்த்து அளவெடுத்து வருவது அவள் வேலை. வைத்திருப்பதோ ஒரு சின்ன எஸ்யூவி. பேரில் இருக்கும் வீரம் வண்டியின் வயிற்றில் இல்லை. போன மாதம் ஒரு கல்லில் அடிப்பக்கம் தட்டி, நடுவழியில் நின்றுவிட்டது. கொஞ்சம் தூக்கிக் கட்டிக் கொடுங்கள் என்று பட்டறைக்குக் கொண்டுவந்து விட்டாள்.

ஒரு இன்ச் உயர்த்தி நல்ல டயர் போட்டால் போதும் என்றார் வீலம்மா. இரண்டு இன்ச் இல்லாமல் அந்த மலையை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்றார் ஸ்பிரிங்காரர். சின்ன வண்டியை ஒட்டகமாக்காதீர்கள் என்றார் வீலம்மா. வாடிக்கையாளர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "நீ டயர மட்டும் பாரு. மத்தத பாக்க ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டார் ஸ்பிரிங்காரர். மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

கோபம் இருந்தாலும் வேலை நிற்கவில்லை. வண்டி இரண்டு இன்ச் உயர்ந்தது. புது ஸ்பிரிங், நீள ஷாக், கல்லிலும் சேற்றிலும் பிடித்து ஏறப் பெரிய பல் வைத்த டயர். இன்று காலை அந்த அலங்காரத்தோடு பாப்பா மலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கூடவே மாமியாரும்.

சம்பந்தியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வேனில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். மருமகளும் மலையேறிப் போய்விட்டால் அந்த அம்மாள் சுவரோடுதான் பேச வேண்டும். "அப்படி என்னத்த அளக்கறா, நானும் ஒரு நாள் பாத்துட்டு வரேன்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கையில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் மாட்டிய போன்.

அந்த போனில் எடுத்த படம்தான் இன்றைய பொழுதைக் கெடுத்தது.

பட்டறை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கம்ப்ரஸருக்கு இந்தப் பக்கம் ஒரு போனும் அந்தப் பக்கம் ஒரு போனும் ஒன்றாக ஒலித்தன. குடும்ப குரூப்பில் படம். மண் பாதை, ஒரு பெரிய கல், அதன்மேல் வலது பக்கம் ஏறி நிற்கும் வண்டி. இடது பின்சக்கரம் பள்ளத்துக்குள் நன்றாக இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் எவ்வளவு இறங்குகிறது என்று எனக்கு ஒரு படம் வேண்டும் என்று ஸ்பிரிங்காரர்தான் மகளிடம் கேட்டிருந்தார். தரையோடு தரையாகக் குனிந்து எடுத்த படம். சம்பந்தியம்மாவின் முட்டிவலி தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும். கீழே எழுதியிருந்தார், "உங்க கைவேலை பிரமாதம் சம்பந்தி. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

ஸ்பிரிங்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கம்ப்ரஸரைப் பார்த்து, "ரெண்டு இன்ச் வேணாம்னு சொன்னவங்க பாக்கட்டும்" என்றார். இந்த ஒரு வாரமாக இருவரும் கம்ப்ரஸரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீலம்மாவுக்குத் தன் டயரைப் பார்க்க வேண்டும். இரண்டு விரலால் படத்தை விரித்தார். டயர் நன்றாகத்தான் இருந்தது. விரலை நகர்த்தியபோது சக்கரத்துக்கு உட்புறம் தெரிந்தது. புது ஸ்பிரிங், புது ஷாக், அதற்குக் கீழே சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்தும் ஆர்ம், அதன் முனையில் போல்ட்.

போல்ட்டில் மஞ்சள் கோடு இல்லை.

வெளிச்சம் பட்டு மறைந்திருக்கும் என்று நினைத்துப் படத்தை இன்னும் பெரிதாக்கினார். இல்லை. மண் ஒட்டியிருக்குமோ என்று பார்த்தார். போல்ட் பளபளவென்று சுத்தமாகத்தான் இருந்தது. கோடு மட்டும் இல்லை.

அது இந்தப் பட்டறையின் வழக்கம். எந்த போல்ட்டையும் ஒருவர் இறுக்கினால், மற்றவர் ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட்டு மஞ்சள் பெயிண்டால் அதன்மேல் ஒரு கோடு இழுக்க வேண்டும். இறுக்கியவரே கோடு போடக் கூடாது. யாரோ சொல்லிக்கொடுத்ததல்ல, கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொண்ட சட்டம். வெளியே போகிற வண்டியில் கோடு இல்லாத போல்ட் என்று ஒன்று இருந்ததே கிடையாது.

வாடிக்கையாளர் ஒருவர் டயருக்குக் காற்று கேட்டு நின்றிருந்தார். வீலம்மா அவரைத் தாண்டி, எல்லைக்கல்லையும் தாண்டி நடந்தார்.

"என்னங்க."

ஸ்பிரிங்காரர் லிஃப்டில் இருந்த ஒரு வண்டிக்கு அடியில் நின்றிருந்தார். ஒரு வாரம் கழித்து வரும் முதல் வார்த்தை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தார் அந்த மனிதர். திரும்பாமலே, "என்ன வேணுமாம்?" என்று கம்ப்ரஸரைக் கேட்டார்.

"விளையாடற நேரமில்ல. பாப்பா வண்டில பின் ஆர்ம் போல்ட் யாரு டைட் பண்ணது?"

"நீதான்."

"நான் பண்ணல."

அவர் திரும்பினார். மனைவி நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார். கையில் இருந்த கிரீஸ் படத்தின்மேல் ஒட்டியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நீ பண்ணிருப்பேன்னு நினைச்சேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

என்ன நடந்தது என்பது இருவருக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். லிஃப்டில் தூக்கியிருக்கும்போது வண்டியின் சக்கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையில் ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் அதற்குள் இருக்கும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் மேலே இருக்கும்போது கையால் திருகி விட்டுவைப்பார்கள். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முழுசாக இறுக்குவது. இறக்கிய வண்டி அலைன்மென்ட் மேடைக்குத்தான் வரும், ஆகவே அது வீலம்மாவின் வேலை. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்காரர் இங்கிருந்து, "பின் ஆர்ம் கை டைட்டுதான்" என்று குரல் கொடுப்பார். வீலம்மா அங்கிருந்து, "கேட்டுக்கிட்டேன்" என்பார்.

பாப்பாவின் வண்டியை இறக்கிய அன்றைக்குக் குரல் கொடுக்கவில்லை. பேச்சுவார்த்தைதான் இல்லையே.

இத்தனை வருஷமாகச் செய்கிறவளுக்குச் சொல்லவா வேண்டும் என்று ஸ்பிரிங்காரர் நினைத்துக்கொண்டார். குரல் வராததால், சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்துக் கணவரே மேலேயே இறுக்கி முடித்துவிட்டார் என்று வீலம்மா நினைத்துக்கொண்டார். அப்படியும் சில நாள் செய்வதுண்டு. முன்பக்க போல்ட்டுகளுக்கு வீலம்மா கோடு போட்டிருந்தார். தூரத்தில் நின்று அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று ஸ்பிரிங்காரர் கை கழுவப் போய்விட்டார்.

ஆக, பாப்பாவின் வண்டியில் இரண்டு பின்சக்கரங்களும் விரலால் திருகிய போல்ட்டில் மலையேறிக்கொண்டிருந்தன.

பாப்பாவின் எண்ணுக்கு அடித்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே. சம்பந்தியம்மாவின் எண்ணும் அப்படியே. படத்தை அனுப்பிய இடம்தான் கடைசியாக சிக்னல் கிடைக்கிற இடம் போலிருக்கிறது. பாப்பாவின் ஆபீசுக்குப் பேசினார் வீலம்மா.

"மேல் ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க. மத்தியானத்துக்குள்ள இறங்கிடுவாங்கம்மா" என்றார் அங்கே இருந்தவர்.

"வயர்லெஸ் எதுவும் இருக்கா?"

"போன மழைல கெட்டுப்போச்சு. ஏம்மா, ஏதாவது அவசரமா?"

"அவசரம்தான்" என்று வைத்துவிட்டார்.

ஸ்பிரிங்காரர் அதற்குள் பட்டறையின் பழைய பிக்கப்பை வெளியே எடுத்திருந்தார். லிஃப்டில் இருந்த வண்டி தூக்கியபடியே நின்றது. காற்று கேட்டவரிடம், "நீங்களே அடிச்சுக்குங்க, போகும்போது ஷட்டர இறக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வீலம்மா ஏறினார். மடியில் ஜாக்கி, காலடியில் நீளக் கைப்பிடி ஸ்பேனர், கைப்பையில் புது போல்ட்டும் நட்டும்.

"இறங்கிடுவாங்கன்னு சொன்னாரா?" என்று கேட்டார் ஸ்பிரிங்காரர்.

"மத்தியானத்துக்குள்ள."

"ஏறும்போது தாங்கிடும். இறங்கும்போது பிரேக் அடிச்சு அடிச்சுத்தான்…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பிக்கப் தன்னால் முடிந்த வேகத்தைவிட அதிகமாகவே ஓடியது.

கடைவீதி முடிந்து, மரக்கிடங்கு முடிந்து, ரோடு ஏற ஆரம்பித்தது. வளைவுகள் வந்ததும் பேச்சும் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்" என்றார் வீலம்மா.

"நீதான் பேசலியே."

"நான் பேசலன்னா நீங்க பேசக் கூடாதா? கம்ப்ரஸர்கிட்ட என்னென்னமோ சொன்னீங்க. டீத்தூள் தீந்துபோச்சுன்னு சொன்னீங்க. வாசல்ல நாய் படுத்திருக்குன்னு சொன்னீங்க. இத ஒண்ண அதுகிட்ட சொல்ல வேண்டியதுதானே."

"உனக்குத் தெரியாததா என்ன? நான் சொல்லித்தான் செய்வியா?"

"சொல்லித்தான் செய்வேன். சொல்றதும் கேட்டுக்கறதும்தான் நம்ம வழக்கம். அத நான் ஒருத்தி மட்டும் வெச்சேனா?"

ஸ்பிரிங்காரர் கியரை மாற்றினார். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி, மறுபடி ஏறினார்.

"சரி, மேடைல ஏத்தினியே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "பின்பக்கமும் நீ பாப்பியே. ஒரு தடவ குனிஞ்சு பாத்திருந்தா கோடு இல்லாதது தெரிஞ்சிருக்கும்ல."

வீலம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "குனியல."

"ஏன்?"

"டயர மட்டும் பாருன்னு சொன்னீங்கல்ல. டயர மட்டும்தான் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது வீலம்மாவுக்கு. மறந்துபோய்ப் பார்க்காமல் விட்டதில்லை. பார்க்கலாமா என்று ஒரு கணம் நின்று, அவர் வேலை அவர் பாடு என்று நிமிர்ந்துவிட்டது நன்றாக நினைவிருந்தது. பெற்ற மகளின் வண்டி என்று தெரிந்தேதான் நிமிர்ந்தார். ஜாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஸ்பிரிங்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தார் ரோடு ஒரு சின்னக் கடையோடு முடிந்தது. அதற்கப்பால் மண். கடைக்காரரிடம் கேட்டதில், அந்த வண்டி காலையிலேயே மேலே போய்விட்டது, வயசான அம்மாள் ஒருவர் முன்னால் உட்கார்ந்து தன்னையும் படம் எடுத்தார் என்றார். இன்னும் இறங்கவில்லையாம். அந்த மட்டுக்கும் நல்லது.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் மலைமேல்தான் போகின்றன. ஸ்பிரிங்காரர் பிக்கப்பை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஸ்டியரிங்கைத் தட்டினார். வீலம்மா இறங்கி, ஈரமண்ணில் குனிந்தார்.

"இந்தப் பக்கம். ஓரப் பல்லு பாருங்க, நான் போட்ட டயர்தான்."

"ஏறு, போலாம்."

வீலம்மா ஏறவில்லை. மண்ணில் மண்டியிட்டு, விரலை வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தார். ஸ்பிரிங்காரர் இறங்கி வந்தார்.

"நேரா போற வண்டில பின்சக்கரம் முன்சக்கரத்தோட தடத்துமேலயே போகும்ல" என்றார் வீலம்மா. "இங்க பாருங்க. வலது பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழுந்திருக்கு. இடது பக்கம் பின்தடம் ரெண்டு விரல் தள்ளி இருக்கு."

அவர் பார்த்தார். இரண்டு விரல்தான். பார்க்கத் தெரியாதவர்கள் மிதித்துவிட்டுப் போகிற அளவு. ஆனால் பின்சக்கரம் தன் இடத்தில் இல்லை என்பதற்கு அது போதும். போல்ட் இங்கேயே நகர ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல்தான் மலை.

இருவரும் ஓடிவந்து ஏறினார்கள். அதன் பிறகு ஈரமண் வந்த இடத்திலெல்லாம் வீலம்மா கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "இப்ப?" என்று ஸ்பிரிங்காரர் கேட்பார். "மூணு விரல்" என்பார் அவர். அடுத்த ஈரத்தில் கேட்டபோது வீலம்மா நாலு விரலை நீட்டிக் காட்டினார். பாதையின் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

"தடம் பாதைய விட்டு வெளிய போச்சுன்னா சொல்லு" என்றார் ஸ்பிரிங்காரர்.

"வாய மூடுங்க."

பிக்கப் ஒரு வளைவில் மூச்சு வாங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்யப் போனவரின் கையை வீலம்மா பிடித்தார். மேலே எங்கேயோ ஒரு எஞ்சின் சத்தம். இரண்டாவது கியரில் மெல்ல இறங்கிவரும் சத்தம், அதோடு கூடவே டக், டக் என்று இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம்.

பாப்பா இறங்கிக்கொண்டிருந்தாள்.

மேல் வளைவில் வண்டியின் முகம் தெரிந்தது. மூக்கு ஒரு பக்கம் திரும்பியிருக்க, வண்டி இன்னொரு பக்கம் வந்துகொண்டிருந்தது. அதை நேராக்க மகள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவது இங்கிருந்தே தெரிந்தது. ஸ்பிரிங்காரர் பாதையில் குதித்து, இரண்டு கையையும் தூக்கிக் கத்த வாயைத் திறந்தார்.

"கத்தாதீங்க" என்றார் வீலம்மா. "பயந்து பிரேக்க மிதிச்சிடுவா."

மிதித்தால் பின்சக்கரம் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று ஸ்பிரிங்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டார்.

வீலம்மா பாதையின் நடுவில் நடந்துபோய் நின்றார். இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். அலைன்மென்ட் மேடையில் வண்டியை ஏற்றும்போது அவர் அப்படித்தான் நிற்பார். பாப்பா ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த மேடையில், அந்தக் கைகளைப் பார்த்துத்தான். கை விரிந்திருக்கும்வரை வேகம் கூடாது, திருப்பக் கூடாது, பிரேக்கைத் தடவ மட்டும் செய்யலாம்.

பாப்பா பார்த்துவிட்டாள். நடுமலையில் அம்மா ஏன் நிற்கிறாள் என்று யோசித்தாளோ என்னவோ, கை சொன்னபடி கால் கேட்டது. எஞ்சின் அடங்கியது. வண்டி ஊர்ந்தது. கல் நொறுங்கும் சத்தமும், டக் சத்தமும், டயர் எதன்மேலோ உரசும் சத்தமும் நெருங்கிவந்தன. பின்சக்கரம் பாதையின் ஓரத்து மண்ணைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டு உள்ளே வந்தது. முன்சீட்டில் சம்பந்தியம்மா போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

பம்பர் முழங்காலில் இடிக்கிற தூரம் வந்த பிறகுதான் வீலம்மா கையை மூடினார். வண்டி நின்றது.

ஸ்பிரிங்காரர் கிடைத்த கல்லையெல்லாம் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் புகுந்தார். வலது பக்கம் நட்டு முக்கால்வாசி கழன்றிருந்தது. இடது பக்கம் நட்டே இல்லை. போல்ட்டின் நுனி மட்டும் ஓட்டையில் தொற்றிக்கொண்டிருந்தது. அவர் தொட்டார், கையோடு வந்துவிட்டது. வெளியே வந்து அந்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாதையிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அப்பா, என்ன ஆச்சு?" பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டக் டக்னு சத்தம் வந்துச்சு. புது டயருக்கு இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன். நீங்க ரெண்டு பேரும் பாத்த வண்டியாச்சேன்னு இறங்கிக்கூட பாக்கல."

அதைக் கேட்டு ஸ்பிரிங்காரர் இன்னும் அழுதார்.

"எந்திரிங்க. முதல்ல இத முடிப்போம்" என்றார் வீலம்மா. புது போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். ஜாக்கி வைத்து ஆர்மை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து, போல்ட்டைப் போட்டு, பாரம் இறக்கி, நீளக் கைப்பிடியில் இருவரும் சேர்ந்து தொங்கி இறுக்கினார்கள். வலது பக்கமும் அப்படியே. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்னார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

சம்பந்தியம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் கழுத்திலேயே தொங்கவிட்டிருந்தார்.

"இது யார் விட்ட தப்பு?" என்று கடைசியில் கேட்டார்.

"என்னோடதுதான்" என்றார் ஸ்பிரிங்காரர்.

"இல்ல சம்பந்தி, நான்தான் பாக்காம விட்டேன்" என்றார் வீலம்மா.

பாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது எப்படி விட்டுப்போகும்? நீங்க ஒருத்தருக்கொருத்தர் குரல் குடுத்துத்தானே செய்வீங்க?"

ஸ்பிரிங்காரர் கழன்று வந்த பழைய போல்ட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையா?"

வீலம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பலேருந்து?"

"உன் வண்டி உள்ள வந்தன்னிக்கு ஆரம்பிச்சது. ஒரு வாரம் இருக்கும்" என்றார் ஸ்பிரிங்காரர். "சின்ன விஷயம்தான். இனிமே கிடையாது. சத்தியமா கிடையாது."

பாப்பா அவரைக் கவனிக்கவில்லை. எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல வெளுத்தது.

"இந்த ஒரு வாரத்துல என் வண்டி மட்டும்தான் லிஃப்ட்ல ஏறிச்சா?"

"டயருக்கு நிறைய வந்துச்சு. பின்பக்கம் கழட்டினது உன்னோடதும் இன்னொண்ணும்தான்" என்று ஆரம்பித்த ஸ்பிரிங்காரர், சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டார்.

வீலம்மா நிமிர்ந்தார். "நீங்க டைட் பண்ணீங்களா?"

"நீ பண்ணலியா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பாவுக்கு மேற்கொண்டு கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த இன்னொரு வண்டி எது என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கம் பாரம் தாங்கவில்லை, அப்பாவிடம் காட்டி ஸ்பிரிங் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவள்தான் கணவனை அனுப்பிவைத்தாள்.

சம்பந்தியம்மா கல்லிலிருந்து எழுந்தார்.

"எம் பையன் வேனா?"

பாப்பா தலையசைத்தாள்.

"காலைல நாங்க கிளம்பறப்பதான் அவனும் கிளம்பினான். ஹைவேல போறேன், சீக்கிரம் போயிடுவேன்னு சொன்னான்" என்றார். யாரையும் திட்டவில்லை. போனைக் கழுத்திலிருந்து கழற்றி எண்ணைத் தட்டினார். சிக்னல் இல்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, வலிக்கிற முட்டியோடு, வந்த பாதையில் கீழே இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

"அத்தை, இருங்க, வண்டில போலாம்" என்று பாப்பா பின்னால் ஓடினாள். அவர் நிற்கவில்லை. வளைவு திரும்பி மறைந்துவிட்டார்.

ஸ்பிரிங்காரர் பிக்கப்பைத் திருப்பப் போராடிக்கொண்டிருந்தார். வீலம்மா ஸ்பேனரை மண்ணில் போட்டுவிட்டு மகளுக்குப் பின்னால் ஓடினார். கீழ் வளைவிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

"ரிங் போகுது."

அம்மாவும் மகளும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு மறுபடி அந்தக் குரல், இந்த முறை மெதுவாக.

"யாரோ எடுத்துட்டாங்க. அவன் குரல் இல்ல."